மலைப்பாதை வண்டிக்கு அடித்தகடு: பற்றவைப்பதா, போல்ட் போட்டு முடுக்குவதா?

சேர்வராயன் மலையில் ஒரு நண்பருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்து தோட்ட வீட்டுக்கு ஏறும் பாதையின் நடுவில், பாதி புதைந்த யானையின் முதுகைப் போல ஒரு கரும்பாறை கிடக்கிறது. அந்த மலையெங்கும் இருப்பது சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை. சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் எகிறும். பல ஆண்டுகளுக்கு முன், மழைக்கால மாலை ஒன்றில் என் பழைய ஜீப் அதன்மேல் வழுக்கி உட்கார்ந்தது. பாறை இடிக்கும்போது எஞ்சினைக் காக்க, ஜீப்பின் அடியில் 5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைச் சேஸிஸோடு, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தோடு, சேர்த்துப் பற்றவைத்திருந்தேன். அடித்தகடு என்பது இதுதான். தகடு உடையவில்லை. மேல்நோக்கி வளைந்து, எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் அடியில் போய் முட்டிக்கொண்டது. எஞ்சின் ஒவ்வொரு முறை அசையும்போதும் சம்ப்பைத் தகடு இடித்தது. கழற்றலாம் என்றால் கழற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

மறுநாள் காலை கிரைண்டர் கொண்டுவந்து அறுத்தோம். அப்போதுதான் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். தகட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இரண்டு பருவத்துச் சில்வர் ஓக் இலைகள் சைலன்சர் சூட்டில் காய்ந்து, பாய் விரித்ததுபோல் அடர்ந்து, ஆயில் கசிவில் ஊறிக் கிடந்தன. கிரைண்டர் பொறி பட்டதும் ஓர் ஓரம் புகையத் தொடங்கியது. பக்கத்தில் ஒருவர் ஈரச் சாக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததால் வண்டி தப்பியது.

அதனால், "பற்றவைப்பதா, போல்ட் போடுவதா, எது வலு?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: தகடு வளைந்தபின் அதை யார், எந்த இடத்தில், கையில் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு கழற்றப்போகிறார்கள்? அடித்தகடு அடி வாங்குவதற்காகவே இருக்கிறது. என்றாவது ஒருநாள் அது வளையத்தான் போகிறது. அந்த நாளை மனத்தில் வைத்து முடிவெடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

கையில் ஒரு டார்ச்சும் சாக்பீஸும் போதும். பளபளப்பான கீறல் புதியது, துருப்பிடித்தது பழையது. இரண்டையும் வட்டமிடுங்கள். கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே ஆழமாகிறது என்று பாருங்கள். உங்கள் வண்டி எங்கே அடி வாங்குகிறது என்பதை எந்தக் கடைக்காரரை விடவும் இந்தக் கீறல்கள் தெளிவாகச் சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூறு நாள் நெடுஞ்சாலையிலும் பத்து நாள் தோட்டப் பாதையிலும் ஓடும் வண்டிக்கு முழு அடிப்பகுதியையும் தகட்டால் மூடத் தேவையே இல்லை என்பது பல நேரம் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்தப் பாகம் எதோடு சேர்ந்து நகர்கிறது என்று கவனியுங்கள். மாருதியின் ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் ஒரே துண்டாக ஓடும் ஆக்சில்கள். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் குடம் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். சேஸிஸில் எத்தனை தடிமனான தகடு போட்டாலும் அது இந்தக் குடத்தைக் காக்காது. அந்த வண்டியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். மூன்று கதவு ஜிம்னியின் சக்கர இடைத்தூரம் 2250 மில்லிமீட்டர். ஐந்து கதவில் அது 2590 ஆக நீண்டிருக்கிறது. அதனால் மேட்டைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் தப்பும் கோணம் 24 டிகிரிதான். மேட்டில் முதலில் உட்காருவது நடுப்பகுதி. முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் இருக்கும் இடம்.

2020இல் வந்த மஹிந்திரா தார் வேறு மாதிரி. பின்னால் ஒரே துண்டு ஆக்சில், முன்னால் தனித்தனியாக அசையும் சக்கரங்கள். முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து நிற்கிறது. வண்டி குழியில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கும்போது அந்த டிஃபரன்ஷியலும் தரையை நோக்கி இறங்கும். அதன் 226 மில்லிமீட்டர் இடைவெளி அந்த நொடியில் முன்பக்கம் அப்படியே இருக்காது. ஆகவே தாருக்கு முன் தகடுதான் முதல் தேவை. ஜிம்னிக்கு நான் வயிற்றிலிருந்து தொடங்குவேன்.

பழைய ரெனோ டஸ்டர் போலத் தனிச் சேஸிஸ் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த வண்டி என்றால் பற்றவைப்பு என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். அதன் அடிப்பகுதி மெல்லிய தகடுகளை மடித்து ஒட்டியது. கம்பெனி வைத்த துளைகளிலும் எஞ்சினைத் தாங்கும் துணைச் சட்டத்திலும் போல்ட் போடுவது ஒன்றே வழி.

எதைப் போல்ட் போடுவது, எதைப் பற்றவைப்பது

சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தத் தகட்டுக்கு மேலே ஸ்பேனர் போட வேண்டிய பாகம் இருக்கிறதா? அங்கே சேறோ இலையோ தங்குமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது போல்ட்தான். ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் அல்லது பெட்ரோல் டேங்க், முன் ரேடியேட்டர்ப் பகுதி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கிளட்ச் மாற்றும் நாளில் கியர் பாக்ஸ் கீழேதான் இறங்கவேண்டும். அன்றைக்கு மெக்கானிக் உங்களைத் திட்டக் கூடாது.

பற்றவைப்புக்கு உரியவை குறைவு. ஆக்சில் குடத்தின் கீழ் விளிம்பில் வைக்கும் கவசம், ஆக்சிலிலிருந்து தொங்கும் ஷாக் அப்சார்பர் தாங்கி, ஆக்சிலைப் பிடிக்கும் கீழ்க்கைத் தாங்கி போன்றவற்றின் முன்னால் வைக்கும் சறுக்குத் துண்டு. இவை உள்ளங்கை அகலத் துண்டுகள். கழற்றும் தேவை வராது. போல்ட் போட இடமும் இருக்காது. பாறை இடிக்கும் விசை நேராக அந்தச் சிறு துண்டின் விளிம்பில் விழும். இங்கே நல்ல பற்றவைப்புக்கு ஈடு இல்லை.

பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடி, வண்டியின் ஓரத்தைப் பாறையிலிருந்து காக்கும் குழாய்கள், போல்ட், பற்றவைப்பு என்ற இரண்டு வழிகளுக்கும் நடுவில் நிற்கின்றன. சி வடிவத் தடித்த சேஸிஸ் கொண்ட பழைய ஜீப்பில் பட்டை வைத்துப் பற்றவைக்கலாம். புது வண்டியில் நான் போல்ட் போட்டுத்தான் மாட்டுவேன். பெட்டி வடிவச் சேஸிஸின் சுவர்கள் மெல்லியவை, உறுதி கூடிய இரும்பால் ஆனவை. நெருப்புப் பட்டால் அந்த உறுதி அங்கே மாறிவிடும்.

போல்ட் அறுந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8.8 என்னும் உறுதி கூடிய தரத்தில் எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, போல்ட்டின் மரைப் பகுதியில் விசை தாங்கும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். அதைக் குறுக்கே அறுக்க ஏறத்தாழ 2.8 டன் விசை வேண்டும். ஆறு போல்ட் என்றால் 16 டன்னைத் தாண்டுகிறது. ஜிம்னியின் எடை 1.2 டன். ஆகவே நல்ல போல்ட் அறுந்துபோவதைக் காண்பது அரிது. நான் கண்ட தோல்விகள் வேறு: தலை தேய்ந்துபோவது, துளை கிழிந்துபோவது, தளர்ந்த போல்ட் ஆடி ஆடித் துளையை முட்டை வடிவமாக்குவது. மூன்றையும் தடுக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

தகடு: எந்த உலோகம், எவ்வளவு தடிமன்

இரும்பின் எடைக்கு மனப்பாடமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. அலுமினியத்துக்கு அதே அளவில் 2.7 கிலோ. சம்ப் முதல் டேங்க் வரை ஒன்றரைச் சதுர மீட்டர் மூடுவதாக வைத்துக்கொண்டால், 4 மில்லிமீட்டர் இரும்பில் 47 கிலோ, 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 24 கிலோ.

இது வெறும் எண் இல்லை. ஜிம்னியின் வெறும் எடை சுமார் 1200 கிலோ. முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்டது 1545. இடையில் இருப்பது 345 கிலோ. எழுபது கிலோ ஆட்கள் நால்வர் ஏறினால் மீதம் 65. இரும்புத் தகடு 47 கிலோவை எடுத்துக்கொண்டால் கூடாரத்துக்கும் தண்ணீர்க் கேனுக்கும் சேர்த்து 18 கிலோதான் மிஞ்சும். பின் ஸ்பிரிங் தாழ்ந்து, தகடு போட்டுக் காக்க நினைத்த இடைவெளியைத் தகடே தின்றுவிடும். சிறிய வண்டிக்காரர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் பணம் கட்டக் கூடாது.

விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 3 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டருக்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும்; விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேல். 6 மில்லிமீட்டர் அலுமினியம் 4 மில்லிமீட்டர் இரும்பைவிடச் சற்றே விறைப்பானது, எடை பாதி. அப்படியானால் அலுமினியம்தானே என்று தோன்றும். ஆனால் பாறையில் இரும்பு சறுக்கிக்கொண்டு போகும், அலுமினியம் கடித்துக்கொண்டு நிற்கும். கூர்மையான கல் அதில் உழுத கோடு போட்டுவிடும். அதோடு, வளைந்த இரும்புத் தகட்டை ஊர்ப் பட்டறையில் சூடாக்கித் தட்டி நிமிர்த்திவிடலாம். அலுமினியத்தை அப்படிச் செய்ய எல்லாருக்கும் கை வராது.

என் தேர்வு இதுதான்: மணலும் சேறும் எப்போதாவது கல்லும் என்றால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் அலுமினியம், 5052 அல்லது 5083 ரகம். பாறைமேல் ஏறி இறங்குவதே வேலை என்றால் சம்ப்புக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் 4 மில்லிமீட்டர் இரும்பு, ஐ.எஸ். 2062 என்னும் இந்தியத் தரத்தில், டேங்குக்கு 3 மில்லிமீட்டர் போதும். எதுவானாலும் மடிப்புப் போட்ட தகட்டைக் கேளுங்கள். பிரஸ்ஸில் ஓரங்களை மடித்து, நடுவில் நீளவாக்கில் ஒரு வரி எழுப்பிய 3 மில்லிமீட்டர் தகடு, தட்டையான 4 மில்லிமீட்டரை விட உழைக்கும்.

போல்ட் போடும் முறை

வண்டியில் கம்பெனியே விட்டுவைத்த மரைத் துளைகளைத் தேடுங்கள். மெல்லிய தகரக் காப்பு ஒன்று ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதன் துளைகள் எடை தாங்கப் போதாவிட்டாலும் இடத்தைப் பிடித்துக் கொடுக்கும். கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் கழற்றாதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் கைகளின் போல்ட்டில் தகட்டை மாட்டவே கூடாது. தகட்டில் விழும் ஒவ்வொரு அடியும் சக்கரத்தின் நேர்க்கோட்டை அசைக்கும்.

புதுத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால், சேஸிஸின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடாதீர்கள். சுமை ஏறும்போது இழுபடுவதும் அமுங்குவதும் அந்த விளிம்புகளே. பக்கச் சுவரில், உயரத்தின் நடுவில் துளையிட்டால் சேதம் குறைவு. பெட்டிச் சேஸிஸில் குறுக்கே போல்ட் போகும்போது உள்ளே கட்டாயம் ஒரு இரும்புக் குழல் வைக்கவேண்டும். போல்ட் அந்தக் குழலுக்குள் ஓடும். குழல் இல்லாமல் முடுக்கினால் பெட்டியின் இரு சுவர்களும் உள்ளே நசுங்கும். முடுக்கம் நிற்கவே நிற்காது; ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் போல்ட் தளர்ந்திருக்கும். உள்ளே நட்டைப் பிடிக்கக் கை போகாத இடத்தில், ஒரு பட்டையில் நட்டைப் பற்றவைத்து அந்தப் பட்டையைச் சேஸிஸ் துளைவழியே உள்ளே விடுங்கள். துளையில் அமுக்கிப் பொருத்தும் மெல்லிய ரிவெட் நட்டுகளை டேங்க் தகட்டுக்கு வேண்டுமானால் ஏற்கலாம். சம்ப் தகட்டுக்கு வேண்டாம். அடி விழுந்ததும் அவை துளைக்குள்ளேயே சுழலத் தொடங்கிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு.

போல்ட்டின் தலையைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஆயத்தத் தகடுகள் தோற்பது இங்கேதான். ஒருமுறை ஒரு தகட்டைக் கழற்றப் படுத்தேன். நான்கு போல்ட்களில் இரண்டின் தலை இருந்த இடத்தில் பழைய பத்துப் பைசா போல வழவழவென்று ஒரு வட்டம்தான் இருந்தது. அறுகோணத் தலையைப் பாறை முழுவதுமாக அரைத்துவிட்டிருந்தது. ஸ்பேனர் எதைப் பிடிக்கும்? கடைசியில் அந்த வட்டத்தின்மேல் ஒரு புது நட்டை வைத்து, நட்டின் துளைவழியே பற்றவைத்து, சூடு ஆறியதும் அந்த நட்டைப் பிடித்துத் திருப்பினோம். இந்த உத்தி எல்லா லேத் பட்டறைக்கும் தெரியும். காட்டுப் பாதையில் வெல்டிங் மெஷினுக்கு எங்கே போவது?

தடுப்பது எளிது. எம்10 அறுகோணத் தலையின் உயரம் ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் 8 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு குழாய் வளையத்தைத் தகட்டில் பற்றவைத்துவிட்டால், தலை அந்த வளையத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தேய்வது வளையம், தலை முழுதாக இருக்கும். வளையத்தின் உள்விட்டம் உங்களிடம் இருக்கும் பாக்ஸ் ஸ்பேனர் நுழையும் அளவில் இருக்கவேண்டும். இதை மறந்து வளையம் வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். இன்னொரு வழி, தகட்டில் குழி அழுத்தித் தலையை உள்ளே தள்ளுவது. தகட்டோடு தட்டையாக அமரும் கூம்புத் தலை போல்ட் அழகாகத் தெரியும். ஆனால் எம்10 அளவில் அந்தத் தலைக்கே 5.5 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும், 4 மில்லிமீட்டர் தகட்டில் அது உட்காராது. ஆலன் சாவித் துளையில் சேறு இறுகிவிடும் தொல்லையும் உண்டு.

முடுக்கும் அளவு முக்கியம். 8.8 தரத்தில் எம்8 என்றால் 22 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்10 என்றால் 45 முதல் 50, எம்12 என்றால் 80 முதல் 85. இவை உலர்ந்த மரைக்கான எண்கள். துரு பிடிக்காமலிருக்கக் காப்பர் கிரீஸ் தடவினால் நான்கில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் மரையில் அதே அளவு முடுக்கினால் போல்ட் நீண்டுவிடும். கம்பெனியின் கையேட்டில் அந்தத் துளைக்கென்று ஓர் அளவு இருந்தால் அதுவே செல்லும். சரியாக முடுக்கிய போல்ட், தகட்டையும் சட்டத்தையும் ஒன்றோடொன்று அழுத்தி உராய்விலேயே பிடித்து நிறுத்துகிறது. தளர்ந்தால்தான் போல்ட்டின் உடம்பில் நேராக அடி விழும், துளை கிழியும். முடுக்கிய பின் தலையிலிருந்து தகட்டுக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

முன்பக்கத் துளைகள் வட்டமாகவும் பின்பக்கத் துளைகள் நீளவாக்கில் சற்று நீண்டும் இருக்கட்டும். மலைப்பாதையில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது அந்தச் சிறு இடம் உதவும், வளைந்த தகட்டைத் திரும்ப மாட்டும்போது அதைவிட உதவும்.

தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவில் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அசைந்துகொண்டே இருக்கும், தகடும் அடி வாங்கி உள்ளே வரும். ஆயில் இறக்கும் திருகுக்கு நேரே ஒரு துளை வேண்டும், அதன் விளிம்பு உட்பக்கம் மடிக்கப்பட்டிருக்கவேண்டும். சைலன்சர் குழாய்க்கும் அதில் இருக்கும் சூடான வடிகட்டிக்கும் கீழே மூடிய தகடு கூடாது. காற்றோட்டப் பிளவுகள் தேவை. பிளவுகள் பின்னோக்கித் திறந்திருந்தால் சேறு வாரிக்கொள்ளாது.

ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகள் இருந்தால் ஓட்டு வீட்டின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். முன் தகட்டின் பின் விளிம்பு கீழே, பின் தகட்டின் முன் விளிம்பு அதற்கு மேலே ஒளிந்து இருக்கவேண்டும். அப்போது முன்னே போகும் வண்டியின் அடியில் பாறைக்குப் பிடிக்க எந்த விளிம்பும் கிடைக்காது. பின்னால் எடுக்கும்போது முன் தகட்டின் பின் விளிம்பு மாட்டாமலிருக்க அதன் ஓரத்தைச் சற்று மேலே வளைத்துவிடுங்கள்.

பற்றவைக்கும் முறை

ஆக்சிலில் கவசம் வைப்பதை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுவது. இரண்டாவது, வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுவது. கிளிப்பைப் பம்பரில் மாட்டிவிட்டு ஆக்சிலில் பற்றவைத்தால் மின்சாரம் சக்கரத்தின் பேரிங் வழியாக ஓடும், குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். சில மாதங்கள் கழித்து அந்தப் பேரிங் இரையத் தொடங்கும்போது யாருக்கும் காரணம் தெரியாது.

பிரேக் குழாய், ஏபிஎஸ் ஒயர், டேங்கிலிருந்து வரும் குழாய் எல்லாவற்றையும் விலக்கிக் கட்டி, ஈரத் துணியாலும் தீப் போர்வையாலும் மூடுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஸ்பிரே பிரேக் கிளீனரை எடுக்காதீர்கள். அவற்றில் சில குளோரின் கலந்தவை. மிச்சத்தின்மேல் வெல்டிங் சுடர் பட்டால் பாஸ்ஜீன் என்னும் உயிர்க்கொல்லி வாயு உருவாகும். கம்பி பிரஷும் சாதாரண சோப்புத் தண்ணீரும் போதும். துத்தநாகம் பூசிய குழாய் என்றால் பூச்சைச் சுரண்டியபின்தான் நெருப்பு வைக்கவேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவு குளிர்க்காய்ச்சல் வரும்.

முதலில் நான்கு மூலையிலும் டேக், அதாவது சிறு பொட்டுப் பற்றவைப்பு, வைத்து, விலகி நின்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குமேல் ஒரே ஓட்டத்தில் போடாதீர்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஆறவிட்டு அடுத்தது. அவசரப்பட்டு ஒரே பக்கமாக ஓட்டினால் ஆக்சில் குழாய் அந்தப் பக்கம் சுருங்கி வளையும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு டயர் தேய்மானத்தில் தெரியும், உள்ளிருக்கும் ஆயில் சீலும் சூட்டில் கெடும். ஆக்சிலின் நடுக்குடம் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகடா, வார்ப்பிரும்பா என்று முன்னதாகத் தெரிந்துகொள்ளுங்கள். வார்ப்பிரும்பில் சாதாரண ராடு பிடித்தால் ஆறும்போதே விரிசல் விடும். அதற்கு நிக்கல் ராடும் முன்சூடும் வேண்டும். அந்த வேலையை நான் தவிர்த்துவிடுவேன்.

6013 ரக வெல்டிங் ராடு எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும், சிறு கவசத்துக்கு அது போதும். அதிகம் அடிபடும் தாங்கிகளுக்கு 7018 ரகம் நல்லது. ஆனால் அதன் பூச்சு மழைக்கால ஈரத்தைக் குடித்துவிடும், ஈர ராடால் போட்ட பற்றவைப்புத் தையலில் பின்னாளில் விரிசல் வரும். பிரித்துப் போட்ட பெட்டியிலிருந்து ராடை எடுத்தால், சுட்டுக் காயவைத்ததா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல வெல்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

பழைய ஜீப்பின் சேஸிஸில் பட்டை பற்றவைப்பதானால் பக்கச் சுவரில் மட்டும் வையுங்கள். பட்டையின் இரு முனைகளும் மீன் முகம்போலக் கூம்பியிருக்கட்டும். தையல் சேஸிஸின் நீளவாக்கில் ஓடவேண்டும். சேஸிஸுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக ஓடும் தையல்தான் விரிசலின் தொடக்கம். கீழ் விளிம்பில் குறுக்கே ஒரு தையல் போட்டால், சுமை ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் பிளந்துவிடும். முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேஸிஸ் முனைகளில் எதையும் பற்றவைக்காதீர்கள். புது வண்டிகளில், விபத்தின்போது அவை நசுங்கி விசையை உள்வாங்கவே அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே விறைப்பைக் கூட்டினால் காற்றுப்பை விரியும் நேரமே மாறக்கூடும்.

வேலை முடிந்ததும் தையல்மேல் படிந்த கசடான சிட்டத்தைத் தட்டி, துத்தநாகப் பிரைமர், அதன்மேல் பெயிண்ட். வெளியே பளபளவென்று இருந்தாலும், பெட்டிச் சேஸிஸின் உட்சுவரில் இருந்த பூச்சு அதே சூட்டில் எரிந்துபோயிருக்கும். உட்குழிக்கு மெழுகு ஸ்பிரே அடிக்காமல் விடாதீர்கள். கடற்கரையை ஒட்டி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். உப்புக்காற்று உள்ளிருந்து தின்பதைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. முன்பக்கம் துருத்தும் இரும்புக் காப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே அடித்தகடு பம்பருக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது, சேஸிஸை அறுக்கவோ நீட்டவோ கூடாது. வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியின் சேஸிஸில் நெருப்பு வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பெனியின் துணைப்பொருள் பட்டியலில் போல்ட் போடும் தகடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மாட்டிய பிறகு

முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மஞ்சள் கோடுகளைப் பார்த்து, டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபாருங்கள். புதுப் பெயிண்ட் அமுங்கியதால் சில தளர்ந்திருக்கும். நெடுஞ்சாலையில் ஏற்றத்தில் ஒருநாள் ஓட்டி, எஞ்சின் சூடு வழக்கத்தைவிட ஏறுகிறதா என்று கவனியுங்கள். தகட்டில் புதிதாக ஓர் அதிர்வுச் சத்தம் வந்தால் எங்கோ இடைவெளி போதவில்லை என்று பொருள்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்தபின்னும், சேற்றில் இறங்கிய ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் தகடு கீழே இறங்கவேண்டும். வண்டியில் ஒரு சிறிய டப்பா வைத்திருக்கிறேன். அதில் அதே அளவில் ஆறு போல்ட், ஆறு நட்டு, அகல வாஷர்கள், ஒரு கம்பி பிரஷ், சேற்றைக் குத்தியெடுக்க ஒரு தடித்த ஆணி, போல்ட்டுக்குப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனர் இருக்கின்றன.

சென்ற ஐப்பசியில் அதே தோட்டத்துப் பாதையில், அதே கரும்பாறையில் இப்போதைய வண்டியும் உட்கார்ந்தது. கழற்ற இருபது நிமிடம் ஆனது. நண்பர் ஒரு முனையைப் பிடிக்க, கடைசி போல்ட்டை எடுத்ததும் சேறும் இலையும் குவியலாகக் கொட்டின. தகட்டின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவு பள்ளம் விழுந்திருந்தது. சம்ப்பைத் தொட்டுப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. தகட்டைக் குப்புறப் போட்டு, பாதையோரத்துக் கல்லின்மேல் வைத்து, சம்மட்டியால் நான்கு அடி அடித்து நிமிர்த்தினோம். நீளத் துளைகளில் போல்ட்கள் நுழைந்தன. மாலைக் காப்பிக்குத் தோட்ட வீட்டுக்குப் போய்விட்டோம்.